விதி பதினான்கு

செப்டம்பர் 4, திங்கள்

மாணவர் பேரவையின் முதல் கூட்டம் இன்று. மூன்று மணி என்று போட்டுவிட்டு மூன்றே முக்காலுக்குத் தொடங்கினார்கள். துறைக்கு ஒருவராகப் பத்தொன்பது பிரதிநிதிகள், தலைவரோடு சேர்த்து இருபது பேர். வரலாற்றுத் துறைக்கு நான். எனக்கு எதிராக யாரும் நிற்காததால் வாக்கெடுப்பு இல்லாமலே வந்துவிட்டேன். போன மாதம் வீட்டில் சொன்னபோது அப்பா, "சரி, படிப்ப விட்டுராத" என்று மட்டும் சொன்னார்.

விளையாட்டுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கும்போது சண்டை வந்தது. வேதியியல் துறைப் பையன் ஒருவனை முன்மொழிந்தார்கள். அவன் துறைக்குப் போன வாரம்தான் வந்த தேர்வு முடிவில் அவனுக்கு ஒரு பேப்பர் போயிருக்கிறதாம். "விதி பதினாலுப்படி அரியர் இருக்கிறவன் நிக்க முடியாது" என்று ஒருவர் எழுந்தார். "அது பிரதிநிதிக்குத்தான், செயலாளருக்கு இல்ல" என்று இன்னொருவர். "ரெண்டுக்கும்தான்" என்று மூன்றாமவர். அரைமணி நேரம் இதே கத்தல். நான் கையைத் தூக்கி, "அந்த விதி எங்க எழுதியிருக்கு? ஒரு தடவ வாசிச்சுப் பாத்தா சண்டையே முடிஞ்சிரும்லா?" என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரிடமும் புத்தகம் இல்லை. யாரும் பார்த்ததும் இல்லை.

தலைவர் இன்பராஜ் அண்ணன் சிரித்தார். வணிகவியலில் பிஎச்.டி. நான்காம் வருடம் செய்கிறார். இரண்டாவது முறையாகத் தலைவர். எந்தச் சண்டையையும் ஒரு சிரிப்பில் அமர்த்திவிடுவார். "நல்ல கேள்விம்மா. ஒரு விதிக்குழு போட்டுடலாம். பழைய விதியெல்லாம் தேடி, ஒழுங்கு பண்ணி, ஒரே புத்தகமா கொண்டு வரட்டும்" என்றார். நான், இயற்பியல் துறை ஹபீபுல்லா, பதவி வழியில் அவர். மூன்று பேர். கேள்வி கேட்டவளுக்கே வேலை வந்து சேர்ந்தது. ஆனால் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 6, புதன்

குழுவின் முதல் அமர்வு, கேன்டீனில். இன்பராஜ் அண்ணன் பத்து நிமிடம் இருந்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் பாருங்க, கையெழுத்து எங்க போடணுமோ நான் போடுறேன்" என்று போய்விட்டார்.

ஹபீபுல்லா மேலப்பாளையத்துக்காரன். கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால்தான் எழுதுவான். முதல் வரியாக 'பேரவை மாணவர்களுக்கானது' என்று எழுதி, உடனே நிமிர்ந்து, "மாணவர்னா யாரு?" என்று கேட்டான்.

"இது ஒரு கேள்வியா?"

"தொலைதூரக் கல்வியில படிக்கிறவங்க மாணவரா? ஒரு வருஷம் பிரேக் எடுத்தவங்க? தீசிஸ் குடுத்துட்டு வைவாவுக்குக் காத்துட்டு இருக்கிறவங்க?"

ஒரு மணி நேரம் அந்த ஒரு சொல்லிலேயே போனது. இரண்டு டீ ஆறிப்போயின. நாலு வருடமாக நான் இந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு திரிகிறேன், அதற்கு எல்லை எங்கே என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

மெஸ்ஸில் மறுபடியும் சேமியா. போர்வை துவைத்தேன். வகுப்புத் தோழி முத்தரசிக்குப் பாடத்தின் மூன்றாம் அத்தியாயத்தை வாசித்து, ரெக்கார்ட் செய்து அனுப்பினேன். நாற்பத்தோரு நிமிடம்.

செப்டம்பர் 11, திங்கள்

மாணவர் நல டீன் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே கோமதி மேடம்தான் எல்லாம். விதி பதினான்கைப் பார்க்க வேண்டும் என்றதும், "அதான் எல்லாருக்கும் தெரியுமே, அரியர் இருந்தா நிக்கக் கூடாது" என்றார்.

"தெரியும் மேடம். எழுதியிருக்கிறதப் பாக்கணும்."

"எழுதியா?" அவர் பேனாவை மூடி வைத்தார். "பதினேழு வருஷமா இந்த சீட்ல இருக்கேன். யாரும் கேட்டதில்லயே."

அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். பின்னறையில் இருக்கும் இரும்பு அலமாரியைத் திறந்து தேடி வைப்பதாகவும் வியாழக்கிழமை வரும்படியும் சொன்னார்.

செப்டம்பர் 14, வியாழன்

கிடைத்துவிட்டது!

மங்கிப்போன பச்சை ஃபைல். 1996 என்று போட்டிருக்கிறது. தட்டச்சு செய்த நாலு பக்கம். 'ழ' வரும் இடமெல்லாம் எழுத்து கொஞ்சம் மேலே ஏறி நிற்கிறது. கோமதி மேடத்தின் மேசையிலேயே வைத்து இருவரும் குனிந்து வாசித்தோம். நான் வரலாறு படிப்பவள், மூல ஆவணம் என்று ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். ஒன்றைத் தேடிப் போய்க் கையில் எடுத்தது இன்றுதான்.

மொத்தம் பதினொரு விதிகள்.

ஹபீப் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். பின்னால் ஒன்றும் இல்லை. ஃபைலைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தான். "பதினொண்ணோட முடியுது ஜெசி. பதினாலு இல்ல. பன்னெண்டே இல்ல."

மூன்றாம் விதி இப்படி இருக்கிறது: 'இப்பல்கலைக்கழகத்தில் பயிலும் எந்த மாணவரும் தம் துறையின் பிரதிநிதியாகப் போட்டியிடலாம்.' அவ்வளவுதான். அரியர் என்ற பேச்சே இல்லை.

ஹாஸ்டலுக்கு நடந்து வரும்போது ஹபீப் சிரித்துக்கொண்டே வந்தான். எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

செப்டம்பர் 20, புதன்

மூன்று நாளாகப் பேரவையின் பழைய தீர்மானப் புத்தகங்களை வருடம் வருடமாகப் புரட்டுகிறோம். இல்லாத ஒரு விதி எப்படி எல்லார் வாயிலும் வந்தது? விட்டுவிட்டுத் தூங்கப் போக முடியாத அளவுக்குக் கேள்வி பிடித்துக்கொண்டது.

இன்று தெரிந்தது. 2009-இல் உடற்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. வெளியூர்ப் போட்டிக்குப் போகும் விளையாட்டு அணியில் அரியர் உள்ளவர்களைச் சேர்க்க வேண்டாம், மறுதேர்வுத் தேதி மோதுகிறது என்று. அதன் எண் 14. இரண்டு வருடம் கழித்து ஒரு பேரவைக் கூட்டத்தில் யாரோ ஒருவர், 'சுற்றறிக்கை 14-இன்படி' ஒரு வேட்பாளரைத் தள்ளச் சொல்லியிருக்கிறார். தள்ளிவிட்டார்கள். அடுத்த வருடப் புத்தகத்தில் அது 'எண் 14-இன்படி' ஆகியிருக்கிறது. அதற்கடுத்த வருடம் 'விதி 14'. பிறகு மாறவே இல்லை.

யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஒரு சொல் நழுவியது, நழுவிய இடத்தில் எல்லாருக்கும் வசதியாக இருந்தது. இது ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரைக்குத் தாங்கும் என்று ஹபீபிடம் சொன்னேன். அவன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். "பன்னெண்டு வருஷத்துல எத்தன பேர தள்ளியிருப்பாங்க?"

நான் அடுத்த புத்தகத்தைத் திறந்தேன்.

செப்டம்பர் 22, வெள்ளி

மதியம் நூலகத்தில் முத்தரசிக்கு வாசித்துக் கொடுத்தேன். முத்தரசி என் வகுப்பு, சங்கரன்கோவில் பக்கம். பிறவியிலேயே பார்வை கிடையாது. பாடத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி, வாயிலும்தான். நான் ஒரு ஆண்டைத் தப்பாக வாசித்தால், "அந்த ராஜா செத்து அறுபது வருஷம் ஆச்சு, திரும்பப் பாரு" என்பாள்.

நடுவில் திடீரென்று, "ரூல் புக் கிடைச்சிட்டாமே?" என்று கேட்டாள்.

"இன்னும் தேடுதோம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

முதல் நாள் எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு எதிராக யாரும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. முத்தரசி மனு கொடுத்திருந்தாள். பரிசீலனையில் விதி பதினான்கு என்று சொல்லித் தள்ளினார்கள். அவளுக்கு இரண்டு அரியர். ஏப்ரல் தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத வேண்டிய ஸ்க்ரைப் இரண்டு நாள் வரவில்லை. ஆளை அனுப்ப வேண்டியது தேர்வுப் பிரிவு. அவள் இரண்டு நாளும் ஹாலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தாள். முடிவில் 'வரவில்லை' என்று அவளுக்கே போட்டார்கள். அதைப் பேரவையில் எழுப்பத்தான் அவள் நிற்க நினைத்தாள்.

செப்டம்பர் 25, திங்கள்

பச்சை ஃபைலை ஜெராக்ஸ் எடுக்க வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. கோமதி மேடம் ஒரு பதிவேட்டை நீட்டி, "பேரு, தேதி, கையெழுத்து" என்றார். எழுதப் போனேன். அந்த ஃபைலுக்கென்று இருந்த பக்கத்தில் எனக்கு மேலே ஒரே ஒரு வரிதான் இருந்தது.

இன்பராஜ், வணிகவியல். ஆகஸ்ட் 9. அன்றே திருப்பிக் கொடுத்ததாகக் குறிப்பு.

அவர் தலைமையில் மனுப் பரிசீலனை நடந்தது ஆகஸ்ட் 16.

ஹபீப் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். என் பேனாவை வாங்கி, என் பெயரை அவனே எழுதினான். நான் அந்த மேல் வரியையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

இன்பராஜ் அண்ணனை ஆய்வாளர் அறையில் போய்ப் பார்த்தேன். தனியாகத்தான் போனேன். அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"ஆமா, பார்த்தேன். யாராவது கேட்டா காட்டணுமேன்னு முன்னாடியே தேடினேன். இல்லன்னு அப்பத்தான் எனக்கே தெரியும்."

"தெரிஞ்சும் முத்தரசி மனுவத் தள்ளினீங்களா?"

"பன்னெண்டு வருஷமா நடக்குற வழக்கம்மா. நான் புதுசா எதுவும் செய்யல." நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. "அந்தப் பொண்ணு உள்ள வந்தா முதல் கூட்டத்துலயே தேர்வுப் பிரிவு மேல தீர்மானம் கொண்டு வரும். அது தப்புன்னு சொல்லல. ஆனா என் தீசிஸ் அந்தப் பிரிவுலதான் எட்டு மாசமா கெடக்கு. தலைவர்னு நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். எனக்கும் ஒரு குடும்பம் இருக்குல்ல?"

"அப்போ எதுக்கு விதிக்குழு போட்டீங்க?"

"குழு போட்டா ஒரு வருஷம் ஓடிடும்னு நினைச்சேன்." இதைச் சொல்லும்போது அவரும் கொஞ்சம் வெட்கப்பட்டார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. அந்த விதி இல்லன்னா எழுதிடுங்க. அதுக்குத்தானே குழு? பதினாலாவதா நல்ல தமிழ்ல போட்டுடு. யாருக்கும் சங்கடம் இல்ல. உனக்கும்தான்."

கதவருகே போனபோது அவர் சொன்னார்: "நீ அமைதியான பொண்ணுன்னு நினைச்சேன் ஜெசிந்தா. அதனாலதான் உன்ன நிக்கச் சொன்னேன்."

செப்டம்பர் 27, புதன்

தலைவலி. வகுப்புக்குப் போகவில்லை.

செப்டம்பர் 29, வெள்ளி

இரண்டு நாளாக ஒரு வரியை எழுதப் பார்த்து, எழுதாமல் நோட்டை மூடிவிடுகிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

முத்தரசிக்கு அரியர் இருக்கிறது என்று இன்பராஜ் அண்ணனிடம் சொன்னது நான்தான்.

ஆகஸ்டில், அவள் மனு கொடுத்த மறுநாள், கேன்டீன் வாசலில் அவர் கேட்டார்: "உன் கிளாஸ் முத்தரசிக்கு ஏதாவது அரியர் இருக்காம்மா?" நான், "ரெண்டு இருக்குண்ணா" என்றேன். கேட்டார், சொன்னேன். பொய் சொல்லவில்லை. ஸ்க்ரைப் வராத கதையை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. அப்போது என் மனுவும் உள்ளே இருந்தது. விதி பதினான்கு என்ற ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். எதற்காகக் கேட்கிறார் என்பதும் தெரியும்.

அன்றைக்கு மறுநாளிலிருந்துதான் அவளுக்குப் பாடம் ரெக்கார்ட் செய்து அனுப்பத் தொடங்கினேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

முத்தரசியிடம் சொன்னேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு. விதி இல்லை, சுற்றறிக்கை, பதிவேடு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, கடைசியாகக் கேன்டீன் வாசலையும் சொன்னேன்.

முதல் பாதி வரை அவள் முகத்தில் ஒரு உற்சாகம் இருந்தது. "பன்னெண்டு வருஷமா? ஒருத்தனும் எடுத்துப் பாக்கலியா?" என்று மேசையைத் தட்டிச் சிரித்தாள். கேன்டீன் வாசல் வந்ததும் சிரிப்பு நின்றது.

"நீயா சொன்ன?"

"ம்."

"கேட்டா தெரியாதுன்னு சொல்ல வாய் வரலியா ஒனக்கு?"

"வரல."

"ஸ்க்ரைப் வரலன்னு சொல்லவும் வரல."

அவள் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டி, கோலை விரித்தாள். "ரெண்டு மாசமா ஒங்குரலக் கேட்டுத்தான் படிச்சிட்டிருக்கேன். எம்புட்டு நல்ல பிள்ளன்னு எங்கம்மாட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?" பிறகு, "இனிமே அனுப்பாத" என்றாள்.

நான் பின்னாலேயே படி வரை போனேன். "நீ வர வேண்டாம். எனக்கு வழி தெரியும்" என்றாள். தெரியும்தான்.

அக்டோபர் 5, வியாழன்

இன்று வகுப்பில் அவள் வேறு பெஞ்சு.

அக்டோபர் 9, திங்கள்

ஹபீபிடமும் சொல்லிவிட்டேன். அவன் பென்சிலைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, அப்போ விதியை ஒழுங்கா எழுதுவோம்" என்றான். திட்டியிருந்தால் இதைவிட லேசாக இருந்திருக்கும்.

காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை உட்கார்ந்து முழு வரைவையும் முடித்தோம். மொத்தம் பதினேழு. அரியர் போட்டியிடத் தடை இல்லை என்று மூன்றாம் விதியிலேயே வெளிப்படையாகப் போட்டோம். ஒரு தீர்மானத்தால் தனக்கு லாபமோ நட்டமோ வரும் உறுப்பினர் அதில் வாக்களிக்கக் கூடாது, பேசிவிட்டு வெளியேற வேண்டும் என்பது ஏழாம் விதி. இதை எழுதியது நான்.

பதினான்காம் எண்ணுக்கு வந்தபோது இருவரும் நின்றோம். ஹபீப் அந்த எண்ணையே விட்டுவிடலாம் என்றான். பதின்மூன்றுக்கு அடுத்தது பதினைந்து. "காலியா விட்டா மறுபடி யாராவது வந்து உக்காந்துருவாங்க" என்றேன். கடைசியில் அங்கே ஒரே வாக்கியம் எழுதினோம்: 'இத்தொகுப்பில் எழுதப்படாத எதுவும் விதி ஆகாது.' ஹபீப் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, நோட்டை எட்டத்தில் பிடித்து ரசித்தான்.

பதினேழாவதுதான் கஷ்டம். 'இவ்வாண்டு, இல்லாத விதியைக் காட்டி வேட்புமனு தள்ளப்பட்ட துறைகளின் இடங்கள் காலியானதாகக் கருதப்பட்டு, மறுதேர்தல் நடைபெறும்.' இந்த வருடம் அப்படித் தள்ளப்பட்ட மனு ஒன்றுதான்.

"ஒன் பேர எழுதாம ஒன்னப் பத்தி எழுதியிருக்கு" என்றான் ஹபீப்.

"சரியா இருக்கா?"

"இலக்கணம் சரியா இருக்கு."

அக்டோபர் 13, வெள்ளி

வரைவு பேரவைக்கு வந்தது. இருபது பேரும் வந்திருந்தார்கள். பச்சை ஃபைலின் நகலை ஆளுக்கொன்று கொடுத்தோம். எல்லாரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததைப் பார்க்கத் தமாஷாக இருந்தது. ஹபீபும் அன்றைக்கு அப்படித்தான் திருப்பினான்.

முதல் பதினாறு விதிகளும் இரண்டு மணி நேரத்தில் நிறைவேறின. அன்றைக்கு அரியரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியவரே மூன்றாம் விதிக்கு முதலில் கை தூக்கினார். இன்பராஜ் அண்ணனும் எதிர்க்கவில்லை. பதினேழு வந்ததும் அவர் எழுந்தார்.

"இது ஒரே ஒரு ஆளுக்காகப் போடுற விதி. விதின்னா எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்."

நானும் எழுந்தேன். "ஒரு ஆளத் தள்ளத்தான் இல்லாத விதியச் சொன்னோம் அண்ணா. சொன்னோம்னுதான் சொல்லுதேன். முத்தரசிக்கு அரியர் இருக்குன்னு ஒங்ககிட்ட சொன்னது நான். அது ஏன் வந்துச்சுன்னு சொல்லாம விட்டதும் நான். இப்ப இந்த சீட்டுல நான் உக்காந்திருக்கேன்." இன்னும் ஏதோ சொல்ல வைத்திருந்தேன், மறந்துவிட்டது. ஆகஸ்ட் 9-ஆம் தேதிப் பதிவேட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருக்க வேண்டுமா என்று இப்போதும் தெரியவில்லை. என் கணக்கில் இருந்ததைச் சொன்னேன். அவருடையதை அவர்தான் சொல்ல வேண்டும் என்று அப்போது தோன்றியது.

ஏழாம் விதி ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் நிறைவேறியிருந்தது. அதனால் நான் வெளியே போனேன். வராந்தாவில் பாதுகாப்பாகப் பூட்டி வைத்த கேரம் போர்டுகளை எண்ணிக்கொண்டு நின்றேன். ஆறு.

ஹபீப் வெளியே வந்தான். "ஒம்பதுக்கு ஒம்பது."

"அப்புறம்?"

"தலைவர் ஓட்டு. வேண்டாம்னு போட்டாரு. ஆனா ரொம்ப நேரம் யோசிச்சுத்தான் போட்டாரு ஜெசி."

பதினேழாம் விதி விழுந்துவிட்டது. நான் எழுதிய விதி என்னை வாக்களிக்க விடாததால் ஒரு ஓட்டில் தோற்றேன். ஹபீப் மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றான். எனக்கோ வியப்பாக இருந்தது. முதல் முறையாக இந்தப் பேரவையில் ஒரு விதி உண்மையிலேயே வேலை செய்திருக்கிறது.

அக்டோபர் 14, சனி

ராஜினாமா எழுதினேன். ஐந்தாம் விதிப்படி எந்த உறுப்பினரும் எழுத்து மூலம் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் காரணத்தையும் எழுதினேன். கோமதி மேடம் வாங்கி முத்திரை குத்தினார். "ஒன்ன யாரும் போகச் சொல்லலயேம்மா" என்றார். ஆமாம் என்றேன். பக்கத்து டப்பாவிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

அக்டோபர் 16, திங்கள்

வரலாற்றுத் துறைக்கு இடைத்தேர்தல் என்று நோட்டீஸ் போட்டுவிட்டார்கள். பூஜை விடுமுறை முடிந்து, 27-ஆம் தேதி. முத்தரசி இன்றே மனு கொடுத்துவிட்டாள். வேறு யாரும் கொடுக்கப் போவதில்லை என்றும் துறையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான்கு மணிக்கு அவளே ஹாஸ்டல் பார்வையாளர் அறைக்கு வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினாள். பதின்மூன்று நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"நீ மனு குடுத்தியா?"

"நான் எதுக்கு? நீ நில்லு. யாரும் எதுத்து நிக்கல."

"அதான் கேக்கேன். யாரும் நிக்காம ஜெயிச்சா நீ இருந்த மாதிரிதான நானும் இருப்பேன்?" சுருக்கென்றது. அவள் விடவில்லை. "எல்லாரும் பாவம் பாத்து ஒதுங்குதாங்க. எனக்குத் தெரியாதாக்கும்? வெறும் சீட்டுல போய் உக்கார எனக்கு இஷ்டமில்ல. நில்லு. நெசமா நில்லு. ஓட்டுக் கேளு."

"ஒனக்கு எம்மேல கோவம் போயிட்டா?"

"போகல" என்றாள் உடனே. "அதுக்கும் இதுக்கும் என்ன?"

மனு கொடுத்தேன்.

அக்டோபர் 18, புதன்

பார்வையற்றோர் வாக்களிக்கும்போது உதவிக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று பத்தாம் விதியில் எழுதியிருந்தோம். பெருமையாகவே எழுதியிருந்தோம். முத்தரசி ஹபீபைக் கூப்பிட்டு, "நான் யாருக்குக் குத்துதேன்னு இன்னொருத்தருக்கு ஏன் தெரியணும்?" என்று கேட்டிருக்கிறாள். அவன் பதறிப்போய் ஓடி வந்தான்.

இருவரும் ஒரு பழைய நோட்டு அட்டையை வாக்குச்சீட்டு அளவுக்கு வெட்டி, பெயருக்கு நேராக ஓட்டை போட்டோம். சீட்டின் மேல் வைத்தால் முதல் ஓட்டை முதல் பெயர், இரண்டாம் ஓட்டை இரண்டாம் பெயர். மேல் விளிம்பில் ஒரு வெட்டு, தலைகீழாகப் பிடிக்காமல் இருக்க. ஹபீப் கண்ணை மூடி ஐந்து முறை முத்திரை குத்திப் பார்த்தான். ஒரு முறை மேசையில் குத்தினான். முத்தரசியிடம் கொடுத்தோம். விரலால் ஓட்டிப் பார்த்து, "வெட்டு இன்னும் ஆழமா வேணும்" என்றாள். ஆழமாக்கினோம்.

அக்டோபர் 20, வெள்ளி

ஓட்டுக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவே தெரியாது. போன முறை கேட்கவே இல்லையே. முதலாமாண்டு வகுப்பில் போய் நின்று இரண்டு நிமிடம் திக்கினேன். ஒரு பெண், "அக்கா, நீங்கதான ராஜினாமா பண்ணீங்க? திரும்ப எதுக்கு நிக்கிறீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. யோசித்து, "போன தடவ நீங்க என்னத் தேர்ந்தெடுக்கல. இந்தத் தடவ தேர்ந்தெடுத்தா நல்லா இருக்கும்" என்றேன். சிலர் கை தட்டினார்கள். வெளியே வரும்போது உடம்பெல்லாம் சூடாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

முத்தரசி எனக்கு அடுத்து உள்ளே போனாள். அவள் பேசும்போது வகுப்பு மூன்று முறை சிரித்தது, வராந்தாவரை கேட்டது. நடுவில் சிரிப்பே கேட்காத நேரத்தில்தான் அவள் ஸ்க்ரைப்பைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 27, வெள்ளி

துறையில் அறுபத்தொரு பேர். ஐம்பத்தெட்டுப் பேர் வாக்களித்தார்கள். முத்தரசி தனியாகத் திரைக்குப் பின்னால் போய், அட்டையை வைத்துக் குத்திவிட்டு, சீட்டை மடித்துத் தானே பெட்டியில் போட்டாள்.

எண்ணிக்கை மூன்று மணிக்கு. முத்தரசி முப்பத்தொன்று. நான் இருபத்தாறு. ஒன்று செல்லாதது.

இன்பராஜ் அண்ணன்தான் முடிவை வாசித்தார். வாசித்து முடித்ததும் முத்தரசி அவர் பக்கம் திரும்பி, "அண்ணா, அடுத்த கூட்டம் என்னைக்கு? தீர்மானம் ஒண்ணு கைவசம் இருக்கு" என்றாள். அவர் தேதியைச் சொன்னார். இந்த முறை சிரிக்கவில்லை. ஆனால் நிகழ்ச்சி நிரல் தாளை எடுத்து, எல்லார் முன்னாலும் அவள் பெயரை முதல் வரியில் எழுதினார்.

நான் கிட்டப் போய்க் கை கொடுத்தேன். "இருபத்தாறா? நான் இருபதுதான் எதிர்பாத்தேன்" என்றாள். கையை அவளாக உடனே எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வரும் வழியில் ஹபீப் மெதுவாகக் கேட்டான்: "நீ யாருக்குப் போட்ட ஜெசி?"

வாக்கு ரகசியம் என்றேன். அவனுக்குத் தெரிந்துவிட்டதுபோல் தலையை ஆட்டினான். முத்தரசிக்குத்தான் போட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டான், நல்லவன்.

எனக்கே போட்டேன். நெசமாக நில் என்றுதானே அவள் சொன்னாள். குத்தும்போது ஜெயிக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. இப்போதும் இருபத்தாறு என்ற எண்ணை நினைக்கும்போதெல்லாம், அந்த இருபத்தைந்து பேர் யாராக இருப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாக யோசித்துப் பார்க்கிறேன்.